கிவி: கொடியை அறிந்தால் பெட்டியில் நஷ்டமில்லை

தாம்பரம் சானடோரியத்தில் 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தில் பழக்கடையும் இருக்கும். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு காலத்தில் அந்தப் பையில் சாத்துக்குடியும் ஆப்பிளும் இருந்தன. இப்போது அவற்றோடு, பழுப்பு நிறத்தில் சுணை படிந்த கிவியும் சேர்ந்துவிட்டது.

சானடோரியம் மட்டுமல்ல, குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம், கூடுவாஞ்சேரி என்று எங்கே பார்த்தாலும் தள்ளுவண்டியில்கூடக் கிவி இருக்கிறது. மளிகைக் கடைக்காரர்களும் ஆப்பிள், ஆரஞ்சோடு ஒரு பெட்டி கிவி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள். வாழையும் மாம்பழமும் நமக்குப் பரம்பரையாகத் தெரிந்த சரக்கு. கையில் எடுத்தாலே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவோம். கிவி அப்படியல்ல. அதன் சுபாவம் தெரியாமலேயே அதை வாங்கி விற்கிறோம். நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் கோயம்பேட்டிலிருந்து இரண்டு பெட்டி வாங்கி வந்தார். காய் கல்லாக இருந்தது. ஒரு பெட்டியை வாழைத்தாருக்குக் கீழே வைத்தார். மற்றொன்றை வெயில் படும் முன்பலகையில் அடுக்கினார். முன்பலகைக் காயை வாங்கிப் போனவர்கள், "புளிக்கிறது அண்ணாச்சி, வாயில் வைக்க முடியவில்லை" என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். வாழைத்தாருக்குக் கீழே இருந்த பெட்டியைச் சில நாள் கழித்துப் பிரித்தபோது பாதிக் காய் கூழாகிக் கிடந்தது. ஒன்று பழுக்கவில்லை, மற்றொன்று பழுத்து அழுகிவிட்டது. "மண்டிக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று அவர் வருத்தப்பட்டார். மண்டிக்காரர் மீது தவறில்லை. இரண்டு பெட்டியும் ஒரே சரக்கு; வைத்த இடம்தான் வேறு.

வாங்கும்போதே லாபம் என்பது நம் தொழிலில் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை. சரக்கை அறிந்து வாங்கினால்தான் அந்த வார்த்தை பலிக்கும். ஆகவே கிவி எங்கே, எப்படி விளைகிறது என்பதிலிருந்தே பார்ப்போம்.

சீனத்துக் கொடி, நியூசிலாந்துப் பெயர்

கிவி மரமல்ல, கொடி. திராட்சையைப் போலப் பந்தலில் படரும். அதன் தாயகம் சீனா. 1904-ல் இசபெல் ஃப்ரேசர் என்ற பள்ளித் தலைமையாசிரியை, சீனாவில் மிஷனரியாக இருந்த தம் சகோதரியைப் பார்த்துவிட்டு நியூசிலாந்து திரும்பும்போது இதன் விதைகளைக் கொண்டுவந்தார். அந்த விதையில் முளைத்த கொடிகள் 1910-ல் அங்கே முதன்முதலாகக் காய்த்தன. ஹேவர்ட் ரைட் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் பெரிய காயாகவும் நெடுநாள் தாங்குவதாகவும் ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்று உலகம் முழுவதும் 'ஹேவர்ட்' என்று விற்கும் பச்சைக் கிவி அதுதான்.

அப்போது இதற்குக் கிவி என்ற பெயரே கிடையாது. 'சைனீஸ் கூஸ்பெரி' என்றுதான் சொன்னார்கள். 1952-ல் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி தொடங்கியது. அமெரிக்காவுக்கு அனுப்பும் நிலை வந்தபோது, அந்தப் பெயர் விற்பனைக்கு உதவாது என்று பட்டது. 'மெலனெட்' என்று வைக்கலாம் என்றால், முலாம்பழத்துக்கு அங்கே இறக்குமதி வரி அதிகம். கடைசியில் 1959-ல் டர்னர்ஸ் அண்டு குரோவர்ஸ் என்ற ஏற்றுமதி நிறுவனம், நியூசிலாந்தின் பறவையான கிவியின் பெயரையே பழத்துக்குச் சூட்டியது. ஒரு பெயர் மாற்றம் ஒரு சரக்கை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

1962-ல் இதை லாஸ் ஏஞ்சல்ஸ் சந்தையில் துணிந்து வாங்கியவர் ஃப்ரீடா கேப்லன் என்ற பெண் மொத்த வியாபாரி. முதல் சரக்கை விற்று முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஓட்டல்காரர்களிடம் கொடுத்து, இனிப்புப் பண்டங்களின் மேல் வெட்டி வைக்கச் சொல்லித்தான் ஜனங்களுக்கு அறிமுகப்படுத்தினார். வேறு பழமாக இருந்தால் அத்தனை மாதத்தில் மண்ணுக்குப் போயிருக்கும். கிவி தாங்கியது. குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும் என்பதே இந்தப் பழத்தின் பெரிய பலம். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெங்களூரில் காய்க்காதது சிம்லாவில் காய்த்தது

இந்தியாவுக்குள் கிவி முதலில் வந்தது நமக்குப் பக்கத்தில்தான். 1960-களின் தொடக்கத்தில் பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் அலங்காரக் கொடியாக இதை நட்டார்கள். கொடி வளர்ந்தது, காய்க்கவில்லை. பெங்களூரின் குளிர் நமக்குப் போர்வை கேட்கும் குளிராக இருக்கலாம். இந்தக் கொடிக்கு அது போதவில்லை.

1963-ல் சிம்லாவின் பாக்லியில் உள்ள தேசிய தாவர மரபு வள நிலையத்தில் பல ரகங்களை நட்டார்கள். அங்கே 1969-ல் காய்த்தது. அப்புறம் சோலன் அருகே நௌனியில் உள்ள டாக்டர் ஒய்.எஸ். பர்மார் தோட்டக்கலைப் பல்கலைக்கழகம் சாகுபடி முறைகளை ஆராய்ந்து விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தது. இமாசலத்தில் சோலன், சிர்மௌர், குலு, மண்டி, சிம்லா மாவட்டங்களில் தோட்டங்கள் வந்தன. ஆலிசன், அபோட், மோண்டி, புரூனோ, ஹேவர்ட் என்பவை அங்கே பயிராகும் ரகங்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அருணாசலப் பிரதேசம். கீழ் சுபான்சிரி மாவட்டத்தில் அபதானி மக்கள் வாழும் ஜீரோ பள்ளத்தாக்கு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காட்டுக் கிவி அங்கே முன்பே உண்டு. 2000-த்தை ஒட்டித்தான் தோட்டக் கிவியை வியாபாரப் பயிராக நடத் தொடங்கினார்கள். இன்று இந்தியக் கிவியில் அருணாசலத்துக்கே முதலிடம். 2020-ல் கிவிக்கு இயற்கை வேளாண் சான்றிதழ் பெற்ற முதல் மாநிலமும் அதுவே. நாகாலாந்து, சிக்கிம், மேகாலயா, உத்தரகண்ட் மலைகளிலும் கிவி விளைகிறது.

கொடி கேட்பது என்ன?

மலையில் ஒரு கிவித் தோட்டம் போடுவது லேசான காரியமல்ல. முதல் தேவை குளிர். ஹேவர்ட் போன்ற ரகத்துக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சுமார் 700 முதல் 800 மணி நேரம் வேண்டும். கொடி இலையுதிர்த்துத் தூங்கி, இந்தக் குளிர்க் கணக்கு முடிந்த பிறகுதான் வசந்தத்தில் சரியாக மொட்டு விடும். கணக்கு குறைந்தால் இலை வரும், பூ குறையும்.

குளிர் வேண்டும் என்றால் எந்தக் குளிரும் ஆகும் என்பதல்ல. தூங்கும் கொடி உறைபனியைத் தாங்கும். வசந்தத்தில் துளிர்விட்ட பிறகு ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் இளங்குருத்து கருகிப்போகும். அந்த வருஷத்து மகசூல் அதோடு சரி. பலமான காற்றும் ஆகாது, புதுக்கிளைகள் ஒடிந்துவிடும். தண்ணீர் நிறைய வேண்டும், ஆனால் வேரில் தேங்கக் கூடாது.

அடுத்தது ஆண், பெண் கணக்கு. கிவியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடிதான் காய்க்கும். ஆண் கொடி இல்லாமல் அது காய்க்காது. எட்டு பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடி என்று நடுவது வழக்கம். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். மகரந்தத்தைத் தேனீ கொண்டுபோக வேண்டும். கிவிப் பூவில் தேன் இல்லாததால் தேனீ வேறு பூவைத் தேடிப் போய்விடும். ஆகவே பூக்கும் காலத்தில் தோட்டத்துக்குள் தேனீப் பெட்டிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கிவியை வெட்டினால் நடுவில் வட்டமாகக் கறுப்பு விதைகள் தெரிகின்றன அல்லவா? நன்றாக மகரந்தம் சேர்ந்த ஒரு பெரிய காயில் 1,000-க்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். விதை குறைந்தால் காய் சிறுக்கும், கோணலாகும். ஒரு பெட்டியில் குட்டையும் கோணலுமாகக் காய் நிறைய இருந்தால், அந்தத் தோட்டத்தில் மகரந்தச் சேர்க்கை சரியில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கொடியைத் தாங்க 'டி' வடிவக் கம்பங்களும் கம்பியும், அல்லது முழுப் பந்தலும் வேண்டும். இந்த முதலீடு பெரிது. குளிர்காலத்தில் ஒரு முறையும் கோடையில் மறுபடியும் கவாத்து செய்ய வேண்டும். போன வருஷத்துக் கிளையில் இந்த வருஷம் விடும் தளிரில்தான் காய் வரும் என்பதால், எதை வெட்டுவது, எதை விடுவது என்று தெரிந்த கை வேண்டும். நட்ட நாலைந்து வருஷத்தில் முதல் காய் பார்க்கலாம். நல்ல மகசூலுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும். அத்தனை காலம் கைக்காசைப் போட்டுக் காத்திருந்த ஒருவருடைய சரக்குதான் நம் பலகையில் இருக்கிறது.

ஊட்டி, கொடைக்கானலில் விளையாதா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே இரவுக் குளிர் உண்டு. ஆனால் குளிர்காலத்திலும் பகல் வெயில் ஏறிவிடுகிறது. இமயத்தைப் போல வாரக்கணக்கில் விடாத குளிர் கிடைப்பதில்லை. தாம்பரம் மொட்டை மாடியில் வைத்துப் பார்க்கலாமா என்று நர்சரியில் நாற்று விலை கேட்பவர்கள் காசைப் பத்திரப்படுத்திக்கொள்வது நல்லது.

உறைபனி தாங்கும் சின்னக் கிவி

இதே குடும்பத்தில் இன்னொரு கொடி இருக்கிறது. ஜப்பான், கொரியா, வட சீனா, ரஷ்யாவின் கிழக்கு மூலை ஆகியவை இதன் ஊர். காய் பெரிய திராட்சை அளவுதான்; தோலில் சுணையே இருக்காது. தோலோடு அப்படியே வாயில் போட்டுச் சாப்பிடலாம். ஹேவர்டைவிட இனிப்பு. தூங்கும் காலத்தில் இந்தக் கொடி மைனஸ் 30 டிகிரி வரைகூடத் தாங்கும் என்பதால், ஹேவர்ட் பிழைக்காத குளிர் நாடுகளில் இதை வீட்டுப் பந்தலில் ஏற்றுகிறார்கள். ஆனாலும் வசந்தத்து உறைபனிக்கு இதன் துளிரும் தப்புவதில்லை. காய் முற்ற, உறைபனி இல்லாத நாட்கள் சுமார் 150 வேண்டும்.

நியூசிலாந்திலும் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலும் இதைக் 'கிவி பெரி' என்ற பெயரில் சிறு டப்பாக்களில் விற்கிறார்கள். ருசி கூடுதலாக இருந்தும் இது ஏன் ஹேவர்டைப் போல உலகம் சுற்றவில்லை? காரணம் நமக்கு உடனே விளங்கும். பழுத்த பிறகு வெளியில் சில நாள்தான் தாங்கும். ருசியில் ஜெயித்த காய் தாங்குவதில் தோற்றது. கப்பலேறி நம் ஊர் வரை வந்தது தாங்கிய காய்தான்.

கல்லாக வருவது குறையல்ல

கிவியைக் கொடியில் பழுக்க விடுவதில்லை. முற்றியதும் கல்லாக இருக்கும்போதே பறிக்கிறார்கள். முற்றியதா என்பதைச் சாற்றின் சர்க்கரை அளவைக் கொண்டு பார்ப்பார்கள். நியூசிலாந்தில் ஹேவர்டுக்கு 6.2 பிரிக்ஸ் என்பது பழைய அளவுகோல். அந்த நிலையில் காயில் மாவுச்சத்து நிறைய இருக்கும். பறித்த பிறகு அது சர்க்கரையாக மாறி, சாப்பிடும் பக்குவத்தில் பிரிக்ஸ் இரண்டு மடங்குக்கு வரும்.

ஆனால் அவசரப்பட்டு முற்றாமல் பறித்த காயில் மாவுச்சத்தே குறைவு. அது மெத்தென்று ஆகும், இனிப்பு வராது. சீசனுக்கு முன்னால் நல்ல விலை என்று ஆசைப்பட்டு முந்திப் பறித்த சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தாலும் இந்தக் கதிதான். ஆகவே சீசன் தொடங்கிய முதல் வாரங்களில் பெட்டி எடுக்கும்போது, ஒரு காயைப் பழுக்க வைத்து ருசி பார்த்துவிட்டு அடுத்த கொள்முதலைச் செய்வது புத்திசாலித்தனம்.

பறித்த காயைப் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில், 90 முதல் 95 சதவிகித ஈரப்பதத்தில் வைத்தால் நாலு முதல் ஆறு மாதம் நிற்கும். அந்தக் குளிர் அறையில் ஆப்பிளோ வாழையோ இருக்கக் கூடாது. பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயு கிவியை எழுப்பிவிடும். காற்றில் மிக மிகச் சிறிய அளவு இருந்தாலே போதும், கிவி மெத்தென்று ஆகத் தொடங்கிவிடும். வாழைத்தாருக்குக் கீழே இருந்த பெட்டி ஏன் கூழானது என்பது இப்போது புரிந்திருக்கும்.

அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். நாளைக்கும் நாளன்றைக்கும் விற்க வேண்டிய காயை மட்டும் ஒரு காகிதப் பையில் போட்டு, உடன் ஓர் ஆப்பிளையோ வாழைப்பழத்தையோ போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பக்குவமாகும். கார்பைடு கல் எதற்கும் வேண்டாம். பழத்தைக் கார்பைடால் பழுக்க வைப்பது 2011-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது.

எந்த மாதம் எந்த நாடு?

கிவிக்குப் பூமியின் இரண்டு பக்கமும் சீசன் உண்டு. நியூசிலாந்து, சிலி நாடுகளில் அறுவடை மார்ச் முதல் மே வரை. நம் இமாசலம், அருணாசலம், மற்றும் இத்தாலி, கிரீஸ், ஈரான் ஆகிய இடங்களில் அக்டோபரை ஒட்டித் தொடங்கும். ஆக, நம் கோடை முடிந்து தீபாவளி வரை தெற்கத்திப் புதுச்சரக்கும், தீபாவளிக்குப் பிறகு வடக்கத்திப் புதுச்சரக்கும் வர வேண்டும். மாசி, பங்குனியில் "நியூசிலாந்துப் புதுச்சரக்கு" என்று யாராவது சொன்னால், எப்போது பறித்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

ஒரே நாட்டை நம்பியிருப்பதிலும் ஆபத்து உண்டு. 2010 நவம்பரில் நியூசிலாந்தின் டீ பூக்கே பகுதியில் பி.எஸ்.ஏ. என்ற பாக்டீரியா நோய் தெரியவந்தது. அப்போதிருந்த தங்கநிறக் கிவி ரகம் அதில் ஏறக்குறைய அழிந்து, நோயைத் தாங்கும் புது ரகத்தை ஒட்டுக்கட்ட வேண்டியதாயிற்று. 2021 டிசம்பரில் பூச்சி காணப்பட்டது என்று ஈரான் கிவி இறக்குமதியை நம் நாடு நிறுத்தியது. எங்கோ ஒரு தோட்டத்துப் பூச்சி, கோயம்பேட்டு விலையை ஒரே வாரத்தில் மாற்றிவிடக்கூடும்.

பெட்டி மேல் உள்ள எண்

நியூசிலாந்து முறையில் கட்டிய பெட்டி சுமார் மூன்றரை கிலோ இருக்கும். அதன் பக்கத்தில் 25, 27, 30, 33, 36, 39, 42 என்று ஏதாவது ஓர் எண் அச்சாகியிருக்கும். அது அந்தப் பெட்டியில் உள்ள காய்களின் எண்ணிக்கை. எண் சிறிதானால் காய் பெரிது. 33 என்றால் ஒரு காய் சுமார் 105 கிராம். நாம் எண்ணி விற்பதால், பெட்டி விலையை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் பார்த்தே காய் விலையைப் போட வேண்டும். விலை குறைவு என்று 27 எண் பெட்டியை எடுத்து, 33 எண் காயின் விலைக்கு விற்றால் அடி நமக்குத்தான்.

கழிவு எப்படி லாபத்தைத் தின்கிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். இது உதாரணத்துக்குத்தான், அன்றைய விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளவும். 33 காய்ப் பெட்டி 900 ரூபாய், விற்பது காய் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விற்றால் 1,155 ரூபாய், மிச்சம் 255. நாலு காய் அழுகினால் வரவு 1,015, மிச்சம் 115. எட்டு காய் அழுகினால் வரவு 875. கைக்காசில் 25 ரூபாய் நஷ்டம். பெட்டியில் நாலில் ஒரு பங்கு போனால் லாபம் முழுவதும் போய் முதலும் கரைகிறது. வண்டி வாடகையும் கரண்டு செலவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

டெங்கு சீசனும் நம் நாக்கும்

வடகிழக்குப் பருவமழை வந்ததும் நம் புறநகரில் தண்ணீர் தேங்கும், கொசு பெருகும், டெங்கு வரும். அந்த வாரங்களில் கிவி விலை ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். "பிளேட்லெட் ஏறும்" என்று யாரோ சொல்லக் கேட்டு, கூலி வேலை பார்ப்பவரும் பிள்ளைக்காக நாலு கிவி கேட்டு வந்து நிற்கிறார்.

இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது. கிவி நல்ல பழம். 100 கிராமில் சுமார் 90 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, நார்ச்சத்தும் உண்டு. ஆனால் டெங்குவில் குறைந்த பிளேட்லெட்டைக் கிவி ஏற்றும் என்று மருத்துவம் நிரூபித்ததில்லை. காய்ச்சலின் கட்டம் கடந்ததும் பெரும்பாலோருக்கு அது தானே ஏறிவிடும். அந்த நேரத்தில் வேண்டியது நீராகாரமும் டாக்டர் கண்காணிப்பும்தான். வைட்டமின் சி மட்டும்தான் வேண்டும் என்றால், நம் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நெல்லிக்காயில் அதைவிடவும் அதிகம்.

ஆகவே "இதைச் சாப்பிட்டால் டெங்கு போய்விடும்" என்று நாம் வாயால் சொல்லவும் கூடாது, அட்டையில் எழுதித் தொங்கவிடவும் கூடாது. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்து நிற்கும் தகப்பனிடம், "கிவி வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கையில் காசு குறைவென்றால் கொய்யா போதும்" என்று சொல்லும் கடைக்காரரைத் தெருவே மறக்காது. அன்று நாலு கிவி விற்காமல் போகலாம். அந்தக் குடும்பம் அரிசியும் பருப்பும் நம்மிடம்தான் வாங்கும்.

பழரசக் கடை நடத்தும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கிவியில் ஆக்டினிடின் என்ற நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தை உடைப்பதால், கிவியைப் பாலிலோ தயிரிலோ அடித்து வைத்தால் சிறிது நேரத்தில் கசக்கும். கெட்டுப்போன பாலா என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அடித்தவுடன் கொடுத்துவிட வேண்டும். அல்லது தண்ணீரில் ஜூஸாகப் போட வேண்டும். சிலருக்குக் கிவி நாக்கில் அரிப்பும் ஒவ்வாமையும் தரும். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் நாட்டுக் காய்க்கு ஓர் இடம்

கடைசியாக ஒன்று. ஜீரோ பள்ளத்தாக்கிலிருந்து சென்னைக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல். மலைச்சாலை, மழை, நிலச்சரிவு இவற்றைத் தாண்டி, குளிர்வண்டி இல்லாமல் வரும் காய் வழியிலேயே பழுத்துவிடுகிறது. சந்தை கிடைக்காமல் அங்கே விவசாயிகள் கொடியைக் கவனிக்காமல் விட்ட காலமும் உண்டு. அந்தக் காயை வீணாக்க மனமில்லாமல் தாகே ரீட்டா டாகே என்ற வேளாண் பொறியாளர், ஜீரோவில் கிவியிலிருந்து ஒயின் தயாரிக்கும் ஆலையைத் தொடங்கினார். 2021-ம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது அவருக்குக் கிடைத்தது. விற்க வழியில்லாத சரக்குக்கு ஒரு வழி கண்டவர் என்ற முறையில் அவர் நம் இனத்தைச் சேர்ந்தவர் என்றே சொல்லலாம்.

நம் பகுதியில் ஒரு தனிக்கடை இமாசலத்திலிருந்தோ அருணாசலத்திலிருந்தோ நேராகச் சரக்கு எடுக்க முடியாது. ஆனால் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மண்டியில், "நவம்பர், டிசம்பரில் இந்தியக் கிவி குளிர்வண்டியில் வந்தால் நாங்கள் வாரம் இத்தனை பெட்டி எடுத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால், கமிஷன் ஏஜெண்டு காது கொடுப்பார். காய் அளவில் சற்றுச் சிறிதாக இருக்கலாம். அதற்கேற்ப விலை வைக்கலாம். அளவு வாரியாகப் பிரித்துக் கட்டி அனுப்பச் சொல்வதும் நம் கையில்தான் இருக்கிறது. இந்தியக் காயை "நியூசிலாந்து" என்று சொல்லி விற்பது மட்டும் வேண்டாம். ஒட்டுச்சீட்டு மாற்றிய கடை என்று ஒரு முறை பெயர் வாங்கினால் அதை மாற்ற ஒட்டுச்சீட்டு கிடையாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. பெட்டி எடுக்கும்போது காய் ஒரே சீராகக் கெட்டியாக இருக்க வேண்டும். கல்லும் கூழும் கலந்திருந்தால் வழியில் சூடு பட்டது என்று அர்த்தம்; எடுக்க வேண்டாம்.

2. தோல் சுருங்கியிருந்தாலும், காம்புப் பக்கம் பூஞ்சணம் தெரிந்தாலும் பழைய சரக்கு.

3. கடைக்கு வந்ததும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெளியில் வைத்து, மீதியை பிரிட்ஜில் வையுங்கள். அதே பிரிட்ஜில் ஆப்பிள், பழுத்த பப்பாளி, வாழை வேண்டாம்.

4. வெயில் படும் பலகை ஆகாது. நம் ஊர்ச் சூட்டில் காய் வதங்கும், ருசி வராது.

5. தினமும் காலையில் காய்களைப் புரட்டிப் பார்த்து, கட்டை விரலால் மெல்ல அழுத்தினால் லேசாக இடம் கொடுப்பதைத் தனியே எடுத்து, "இன்றைக்குச் சாப்பிடலாம்" என்று வையுங்கள். அழுகிய ஒன்றை விட்டுவைத்தால் பக்கத்தில் இருப்பதும் போகும்.

6. கெட்டிக் காய் வாங்குகிறவரிடம், "ஆப்பிளோடு பையில் போட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள்" என்று சொல்லியனுப்புங்கள். புளிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவருவது அதோடு நின்றுவிடும்.

7. பிரிட்ஜ் இல்லாத கடை ஒரு முழுப் பெட்டி எடுக்க வேண்டாம். இருவர் சேர்ந்து ஒரு பெட்டியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மலையில் ஒருவர் ஏழெட்டு வருஷம் காத்திருந்து விளைவித்த காய் அது. கடைசி மூன்று நாள் அது நம் பொறுப்பில் இருக்கிறது. அந்த மூன்று நாளைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் விளைவித்தவருக்கும் நஷ்டமில்லை, விற்றவருக்கும் நஷ்டமில்லை, வாங்கியவருக்கும் மனக்குறை இல்லை.